அர்த்தம் தெரியும், எழுத வரவில்லை: எல்லையோரப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலக் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, தமிழ் மீடியம் ஆசிரியை: ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் 50 சொல் மனப்பாடம் தருகிறேன் டீச்சர். டெஸ்டில் அர்த்தம் சரியாக எழுதுகிறார்கள், கட்டுரையில் ஒன்றுகூட வருவதில்லை. ஏன்?

பதில்: படித்தால் புரியும் சொல் வேறு, எழுதும்போது கைக்கு வரும் சொல் வேறு. உங்கள் டெஸ்ட் முதலாவதை மட்டுமே சோதிக்கிறது. 50-ஐ 10 ஆக்குங்கள். 'ரெய்ன்' தெரிந்த பிள்ளை பலத்த மழையை 'ஸ்ட்ராங் ரெய்ன்' என்றுதான் எழுதும். ஆங்கிலத்தில் மழைக்குச் சேர்வது 'ஹெவி', காற்றுக்குத்தான் 'ஸ்ட்ராங்'. அதனால் சொல்லைத் தனியாக நோட்டில் ஏற்ற வேண்டாம். 'ஹெவி ரெய்ன்', 'ஸ்ட்ராங் விண்ட்' என்று ஜோடியாகவே எழுதி, பக்கத்தில் தமிழும் பிள்ளையின் சொந்த வாக்கியம் ஒன்றும் இருக்கட்டும். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் தமிழை மட்டும் காட்டி ஆங்கிலத்தை எழுத வையுங்கள். வார முடிவில் எழுதும் பத்தியில் அந்தப் பத்துச் சொல்லில் குறைந்தது நாலு வந்தாக வேண்டும்.

மூணாறு, ஆசிரியர்: டிக்டேஷன் உதவுமா?

பதில்: டிக்டோகிளாஸாக மாற்றினால் நன்றாக உதவும். ஆறு வரிப் பத்தியைச் சாதாரண வேகத்தில் இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை பேனா கீழே. இரண்டாம் முறை முக்கியச் சொற்களை மட்டும் குறிக்கலாம். பிறகு மூன்று மூன்று பேராக உட்கார்ந்து பத்தியைத் திரும்பக் கட்டி, மூலத்தோடு ஒப்பிட வேண்டும். மெதுவாக வாசித்துவிடாதீர்கள். சொல்லுக்குச் சொல் எழுதிவிடுவார்கள், யோசிக்க எதுவும் மிஞ்சாது.

நகரி, பெற்றோர்: வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. மகளுக்கு ஆங்கிலத்தில் 'எ' (a), 'த' (the) எங்கே போடுவதென்றே புரியவில்லை மேடம்.

பதில்: இந்த 'எ', 'த' போன்ற ஆர்ட்டிகிள் இரண்டு மொழியிலும் கிடையாது, குழப்பம் இயல்புதான். 'ஒரு நாயைப் பார்த்தேன். அந்த நாய் குரைத்தது.' இதில் 'ஒரு' வரும் இடத்தில் 'எ', 'அந்த' வரும் இடத்தில் 'த'. பாதி தவறு இதிலேயே சரியாகும். சூரியன், நிலா போல உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருப்பவற்றுக்கு இது பொருந்தாது. 'த சன்', 'த மூன்' எனத் தனியாகப் பழக்குங்கள்.

செங்கோட்டை, ஆசிரியர்: 45 நோட்டு திருத்துகிறேன், அதே தவறு திரும்ப வருகிறதே?

பதில்: எல்லாத் தவறையும் வட்டம் போட்டால் பிள்ளை மார்க்கை மட்டும் பார்த்து மூடிவிடும். வாரத்துக்கு ஒரே வகை, இந்த வாரம் இறந்தகால வினை என்று வையுங்கள். சரியான விடையை எழுதிக் கொடுக்காமல், தவறுள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். கண்டுபிடித்துத் திருத்தி, அதே பத்தியை மறுநாள் வகுப்பிலேயே முழுவதும் திரும்ப எழுதட்டும். அதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள், மார்க்கும் இந்த இரண்டாம் பிரதிக்கே போடுங்கள்.