கொடியை எங்கே கட்டுவது? வெளிநாடு போனவர்களின் கேள்விகளும் பதில்களும்

புதிதாகக் குடியேறி வருபவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் வழிகாட்டியாகவும் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாட்களில் எத்தனையோ நாட்டுக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒருமுறை அந்த வரிசையில் நானும் நின்றேன். விட்டு வந்த நாட்டின் மீதுள்ள பெருமையை வந்த நாட்டில் எப்படிக் காட்டுவது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், காகித விஷயங்களை உங்கள் தூதரகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, எங்கள் நாட்டுச் சுதந்திர தினத்தன்று வீட்டு வாசலில் எங்கள் கொடியைக் கட்டலாமா? அக்கம்பக்கத்தில் தவறாக நினைப்பார்களோ? – மாடிவீட்டுக்காரன்

பல நாடுகளில் சொந்த வீட்டில் கட்டுவதற்குத் தடை இல்லை. வாடகை வீடோ அடுக்குமாடியோ என்றால் பால்கனியில் எதைத் தொங்கவிடலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும், அதை முதலில் படியுங்கள்.

இரண்டு நாட்டுக் கொடிகளையும் சேர்த்துப் பறக்கவிடப் போகிறீர்கள் என்றால் தனித்தனிக் கம்பம், ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே அளவு. அமைதிக் காலத்தில் ஒரு நாட்டின் கொடியை இன்னொரு நாட்டின் கொடிக்கு மேலே ஏற்றக் கூடாது என்பது சர்வதேச வழக்கம். அமெரிக்கக் கொடி விதிகளில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். பாய்மரக் கப்பல் காலத்தில், பிடிபட்ட கப்பலில் ஜெயித்தவன் கொடி மேலேயும் தோற்றவன் கொடி கீழேயும் பறக்கும். ஒரே கம்பத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டினால், விவரம் தெரிந்தவர் கண்ணுக்கு அப்படித்தான் படும்.

பலருக்குத் தங்கள் சொந்தக் கொடியின் விதியே தெரிவதில்லை. இந்தியக் கொடியில் எதையும் எழுதக் கூடாது. மைதானத்துக்குப் போகிறவர்கள் அதில் ஊர்ப் பெயரை எழுதிப் பிடிப்பது தவறு. சவூதி அரேபியாவின் கொடியில் இஸ்லாமிய உறுதிமொழி இருப்பதால் அதை அரைக்கம்பத்தில் இறக்க மாட்டார்கள். பிலிப்பைன்ஸ் கொடியில் நீலம் மேலே, சிவப்பு கீழே இருக்க வேண்டும். தலைகீழாக ஏற்றினால் நாடு போரில் இருக்கிறது என்று பொருள். பல நாட்டுக் கொடிகளை வரிசையாகக் கட்டிய ஒரு விழாவில் அந்தக் கொடி தலைகீழாகத் தொங்கியது. ஒரு பெரியவர் வந்து, “யாரோடு சண்டை?” என்று சிரிக்காமல் கேட்டார். கட்டியது நான்தான்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் முதல் நாளே, “நாளைக்கு எங்கள் நாட்டு விழா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். விழா முடிந்ததும் கழற்றி மடித்து வையுங்கள். வெயிலிலும் மழையிலும் கிழிந்து தொங்கும் கொடியைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

போன மாதம் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினேன். உறுதிமொழி சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்து “நாட்டையே விற்றுவிட்டாய்” என்கிறார். நான் துரோகியா அக்கா? – இரண்டுங்கெட்டான்

தொண்டை அடைப்பது வழக்கம்தான். என் பக்கத்தில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு அடைத்திருக்கிறது. அமெரிக்க உறுதிமொழியில், இதுவரை குடிமகனாக இருந்த நாட்டின் மீதான விசுவாசத்தை முழுவதுமாகத் துறக்கிறேன் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கேட்கும்போதே வயிற்றைப் பிசையும். ஆனால் அதைச் சொன்னதாலேயே பழைய குடியுரிமை போய்விடாது. அது போகுமா, இருக்குமா என்று முடிவு செய்வது நீங்கள் பிறந்த நாட்டின் சட்டம்.

அந்தச் சட்டமும் நிலையாக இருப்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை ஏற்றவுடன் இந்தியக் குடியுரிமை போய்விடும். அதற்குப் பதிலாக 2005-இல் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் என்ற அட்டை வந்தது. பெயரில் ‘குடிமகன்’ இருந்தாலும் அதை வைத்து ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. சீனாவும் சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட தன் மக்கள் பழைய குடியுரிமையைத் திரும்பப் பெற பிலிப்பைன்ஸ் 2003-இல் சட்டம் போட்டது. ஜெர்மனி 2024 ஜூனில்தான் இரட்டைக் குடியுரிமைக்கு முழுக் கதவைத் திறந்தது. அதற்கு முன்பு பழையதை விட்டுவிட்டு வந்தவர்களின் பாசம் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா?

இசைமேதை சோபின் 1830-இல், 20 வயதில், வார்சாவை விட்டுக் கிளம்பினார். திரும்பவேயில்லை. 1835-இல் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கினார். உடல் பாரிஸில் புதைந்திருக்கிறது. இதயத்தை மட்டும் அவருடைய அக்கா வார்சாவுக்கு எடுத்துப் போனார், இன்றும் அங்கே ஒரு தேவாலயத் தூணுக்குள் இருக்கிறது. போலந்துக்காரர் யாரிடமாவது சோபின் பிரெஞ்சுக்காரர் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

சித்தப்பாவிடம் சட்டம் பேசாதீர்கள். அவர் கேட்பது நீங்கள் இனி வருவீர்களா என்பது. எப்போது வருகிறீர்கள் என்று தேதி சொல்லுங்கள்.

பிறந்த நாடும் வாழும் நாடும் மோதினால் யாருக்குக் கைதட்டுவது? அலுவலகத்தில் எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். – ஓரத்தில் உட்கார்ந்தவன்

உங்களுக்குப் பிடித்த அணிக்குத் தட்டுங்கள் தம்பி. இதைத் தேச விசுவாசப் பரீட்சையாகவே ஆக்கப் பார்த்தவர் நார்மன் டெபிட் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி. தெற்காசியாவிலிருந்தும் கரீபியனிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் குரல் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று 1990-இல் சொன்னார். ‘டெபிட் பரீட்சை’ என்று பெயரே வந்துவிட்டது. வரி கட்டுகிறவன், நூலகத்தில் பகுதி நேரமாக உதவுகிறவன், ரத்த தானம் செய்கிறவன் எல்லோரும் ஒரு சிக்சருக்குக் கைதட்டியதால் தோற்றுப்போகிற பரீட்சை அது. அதன் மேல் எனக்கு மரியாதை இல்லை.

2016 யூரோ கால்பந்தில் அல்பேனியாவும் சுவிட்சர்லாந்தும் மோதியபோது ஜாக்கா சகோதரர்கள் எதிரெதிர் அணியில் ஆடினார்கள். அவர்களுடைய அம்மா, பாதி அல்பேனியா பாதி சுவிட்சர்லாந்து என்று ஒட்டிய சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். 2022 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போன மொராக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஸ்பெயினை வெளியேற்றிய கடைசிப் பெனால்டியை அடித்த ஹக்கிமி பிறந்தது மாட்ரிட்டில்.

ஜெயித்தால் அடக்கமாக இருங்கள். மறுநாள் அதே ஆட்களோடுதான் வேலை பார்க்க வேண்டும்.

தேசிய கீதத்தை ரிங்டோனாக வைக்கலாமா? – சும்மா ஒரு சந்தேகம்

வேண்டாம். அழைப்பை எடுத்தவுடன் பாதியில் வெட்டுவீர்கள். கழிப்பறையிலும் ஒலிக்கும்.

பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். எங்கள் நாட்டு விழாவுக்கு வரச் சொன்னால் “அது உங்கள் நாடு” என்கிறார்கள். மனசு வலிக்கிறது. – இரண்டு பிள்ளைகளின் அம்மா

வலிக்கும். ஆனால் அவர்கள் சொன்னது பொய் இல்லையே அம்மா. நீங்கள் பெருமைப்படுவது நீங்கள் நடந்த தெருவைப் பற்றி. அவர்களுக்கு அது விடுமுறையில் பார்த்த இடம்.

குடியேற்ற வரலாற்றை ஆராய்ந்த மார்கஸ் லீ ஹான்சன் 1937-இல் ஒன்று சொன்னார்: குடியேறியவரின் மகன் மறக்க விரும்புவதைப் பேரன் நினைவில் வைக்க விரும்புகிறான். அவரே டென்மார்க், நார்வேயிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தாது. ஆனால் 16 வயதில் விழாவுக்கு வர மறுத்தவர்கள் 30 வயதில் என்னிடம் வந்து, பாட்டியின் கடிதத்தைப் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குக் கடிதம் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குடும்பக் கதைகளைப் பதிவு செய்து வையுங்கள். படங்களின் பின்னால் பெயர்களை எழுதுங்கள். கொடி பிடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

அப்புறம், இங்கே நடக்கிற விழா ஊரில் நடப்பதைப் போல இல்லையே என்றும் சிலர் குறைப்பட்டிருக்கிறீர்கள். அயர்லாந்துக்காரர்களின் புனித பேட்ரிக் நாள் ஊர்வலம் நியூயார்க்கில் 1762 முதல் நடக்கிறது. டப்ளினில் அரசு ஊர்வலம் தொடங்கியது 1931-இல். போனவர்கள் புதிதாக ஒன்றை உண்டாக்கி, ஊரே அதைப் பின்னால் எடுத்துக்கொண்டதும் உண்டு.

ஊரில் தேர்தல் வந்தால் விடிய விடியப் பதிவு போடுவேன். “ஓடிப்போனவனுக்கு என்ன பேச்சு” என்கிறார்கள். நான் அனுப்பும் பணம் மட்டும் இனிக்கிறதா? – கொதிப்பவன்

பாதி நியாயம் உங்கள் பக்கம். 2023-இல் வெளிநாட்டில் இருப்பவர்கள் ஏழை, நடுத்தர வருமான நாடுகளுக்கு அனுப்பிய பணம் சுமார் 65,600 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. நேபாளத்தின் பொருளாதாரத்தில் இப்படி வரும் பணம் ஏறக்குறைய கால் பங்கு. சில நாடுகள் போனவர்களுக்கு நாடாளுமன்றத்திலேயே நாற்காலி போட்டிருக்கின்றன. வெளிநாட்டில் வாழும் தன் குடிமக்களுக்காக பிரான்ஸ் 2012 முதல் 11 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறது. வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியக் குடியுரிமையை விடாதவர்களுக்கு இந்தியா ஓட்டுரிமை கொடுத்தது, ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும். ஆக, உங்களுக்குப் பேச்சு இல்லை என்பதை நான் ஏற்கவில்லை.

மற்றப் பாதி கசக்கும். பெனடிக்ட் ஆண்டர்சன் என்ற அறிஞர் 1992-இல் இதற்குத் ‘தொலைதூரத் தேசியவாதம்’ என்று பெயர் வைத்தார். தூரத்தில் இருப்பவன் பணம் அனுப்பலாம், தூண்டிவிடலாம், விளைவுக்கு அவன் பொறுப்பேற்க வேண்டியதில்லை. ஊரடங்கு போட்டால் உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடம் மூடாது. கடைக்கு வெளியே வரிசையில் நிற்கப் போவதும் நீங்கள் இல்லை. “ஓடிப்போனவன்” என்பதில் இருக்கும் கோபம் அதுதான். சொல் மோசம், கணக்கு சரி.

கதர் கட்சிக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இது கதர்த் துணி இல்லை, ‘கிளர்ச்சி’ என்று பொருள்படும் சொல். 1913-இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் மரம் அறுத்தும் வயலில் உழைத்தும் பிழைத்த இந்தியர்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள், சேர்ந்து தொடங்கிய இயக்கம். சான்பிரான்சிஸ்கோவில் பத்திரிகை அச்சிட்டு, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுதினார்கள். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும் ஆயிரக்கணக்கானவர்கள் கப்பல் ஏறித் திரும்பினார்கள். அவர்களில் ஒருவரான கர்தார் சிங் சராபா 1915 நவம்பரில் லாகூர் சிறையில் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 19. அவர்கள் வழி சரியா தவறா என்று வாதம் செய்யலாம். எழுதியதற்கான விலையை அடுத்தவன் தலையில் கட்டவில்லை என்பதில் வாதம் இல்லை.

உங்களைக் கப்பல் ஏறச் சொல்லவில்லை. பதிவைப் போடுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது பற்றிக்கொண்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? உங்கள் கதவு இல்லையென்றால் பேனாவை மூடிவிட்டு, அங்கே இருக்கும் ஒருவருக்குப் போன் செய்து நிலவரம் கேளுங்கள்.

நான் அகதியாக வந்தவள். எல்லோரும் பெருமை பேசும்போது எனக்கு ஒன்றும் வரவில்லை. ஏதோ குறையா எனக்கு? – பெயர் வேண்டாம்

இல்லை. உங்களைத் துரத்திய அரசுக்கு நீங்கள் கடன்பட்டிருக்கவில்லை. கொடியைப் பார்த்தால் நடுங்கி, அதே நாட்டின் தாலாட்டைக் கேட்டால் அழுகிறவர்களை எனக்குத் தெரியும். இரண்டுமே வராவிட்டாலும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். விழாவுக்குக் கூப்பிட்டால் “வேலை இருக்கிறது” என்று சொல்லுங்கள், போதும்.

பழைய பாஸ்போர்ட்டை என்ன செய்வது அக்கா? தூக்கிப் போட மனம் வரவில்லை. – அலமாரிக்காரர்

ஒப்படைக்க வேண்டுமா என்று முதலில் பாருங்கள். பல நாடுகளில் ரத்து முத்திரை குத்தியோ ஓரம் வெட்டியோ திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பழைய விசாக்கள் எப்போதாவது தேவைப்படும் என்பது ஒரு காரணம்.

என்னுடையது மூலை வெட்டப்பட்டு மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பிறந்த இடம் என்ற வரியில் ஓர் எழுத்து தவறு. அன்றைக்கு பாஸ்போர்ட் அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நின்று அந்த எழுத்துக்காக ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். கடைசியில் அவர்கள் மாற்றவேயில்லை. இழுப்பறையைத் திறந்தால் இன்றும் அந்த எழுத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.