துப்பாக்கி ரவையின் பெயரை நம்பாதீர்கள்

கேள்வி: ரிவோல்வரைக் கண்டுபிடித்தவர் சாமுவேல் கோல்ட்தானே? (மாணவர், உப்புவெளி)

இல்லை. சுழலும் அறைகள் கொண்ட துப்பாக்கிகள் அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. சுத்தியலை இழுத்தாலே சிலிண்டர், அதாவது அறைகள் உள்ள உருளை, திரும்பிப் பூட்டிக்கொள்ளும் அமைப்புக்கு 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் கோல்ட்.

கேள்வி: உலோகக் கூட்டு ரவைக்கு கோல்ட் கம்பனி ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது? (நிலாவெளி)

குண்டும் மருந்தும் ஒரே உலோகக் கூட்டில் அடங்கிய அந்த ரவையைப் பின்பக்கமாகப் போட, முன்பின் முழுதும் துளைத்த சிலிண்டர் வேண்டும். அதற்கான ரோலின் வைட்டின் காப்புரிமை போட்டிக் கம்பனியான ஸ்மித் அன் வெசன் பக்கம் இருந்தது. 1857இலேயே அவர்கள் .22 ரிவோல்வரை விற்றார்கள். 1869இல் காப்புரிமை முடிந்தது, 1873இல் கோல்ட்டின் .45 வந்தது.

கேள்வி: அப்பப்பா கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். அவருடைய பெட்டியில் .38 வெற்று ரவைக்கூடு ஒன்று இருக்கிறது. எந்தத் துப்பாக்கிக்கு உரியது? (திருகோணமலை)

நீளத்தை எழுதவில்லை, அடியில் பொறித்த எழுத்தையும் எழுதவில்லை. எத்தனை தடவை கேட்டுவிட்டேன்! .38 என்பது வெறும் பெயர். .38 அங்குலம் என்றால் 9.6 மில்லிமீட்டருக்கு மேல் வரவேண்டும், ஆனால் .38 ஸ்பெஷல் என்ற ரவையின் குண்டு 9 சொச்சம்தான். பழைய .36 ரிவோல்வர்களை உலோக ரவைக்கு மாற்றியபோது குண்டும் கூடும் வெளியே ஒரே தடிப்பாக இருந்தன, அந்தத் தடிப்புத்தான் .38. அப்புறம் குண்டு கூட்டுக்குள்ளே இறங்கி மெலிந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. 1935இல் வந்த .357 மாக்னம் குண்டும் அதே தடிப்புத்தான். அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால், பழைய ரிவோல்வருக்குள் நுழையாதபடி கூட்டை நீட்டினார்கள்.

சரி, அடிமட்டத்தை எடுங்கள். கூடு 20 மில்லிமீட்டர் என்றால் .38 ஸ்மித் அன் வெசன், அதாவது இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினர் வைத்திருந்த என்ஃபீல்ட், வெப்லி .38களுக்கு உரியது. அப்பப்பாவின் பெட்டியில் இதைத்தான் எதிர்பார்க்கிறேன். 29 என்றால் .38 ஸ்பெஷல், 33 என்றால் மாக்னம். அளப்பதற்கு முன் ஒன்று: கூட்டின் வாயில் குண்டு இருந்தால் கை வைக்காதீர்கள், பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: பிஸ்டல் ரவையை ரிவோல்வரில் போட்டதுண்டா? (கிண்ணியா)

உண்டு. 1917ஆம் ஆண்டு அமெரிக்க ரிவோல்வர்கள் தானியங்கிப் பிஸ்டலுக்கான .45 ரவையில் இயங்கின. அந்த ரவைக்கு வெளியே நீட்டிய விளிம்பு கிடையாது, வெற்றுக் கூட்டைத் தள்ளி எடுக்கப் பிடி இல்லை, அதனால் மூன்று மூன்றாக அரைவட்டத் தகட்டில் கோத்துப் போட்டார்கள்.

கேள்வி: கிணறு வெட்டும்போது துருப்பிடித்த ரவைகள் வந்தன. கழுவுவதற்குப் புளி நல்லதா, தேசிக்காய் நல்லதா? (மூதூர்)

இரண்டும் வேண்டாம்! கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். வெட்டுவதை நிறுத்தி, பிள்ளைகளை விலக்கி, இன்றைக்கே பொலிஸுக்கு அறிவியுங்கள். எந்த ரவை என்பதை அவர்கள் எடுத்த பிறகு பேசலாம்.