மெக்சிகோவின் பிர்ரியா சீஸ் டாக்கோவை வீட்டில் செய்தால், கறியை வைத்து மடிக்கும் டோர்ட்டியா என்ற மக்காச்சோள ரொட்டி கிழிந்து, நமுத்துப் போகிறது. கறி வெந்த சாறும் மட்டன் குழம்பு போலவே இருக்கிறது. எங்கே தவறுகிறது?

கிழிவதற்கும் நமுப்பதற்கும் காரணம் ஒன்றுதான்: டோர்ட்டியாவைச் சாற்றில் முக்கியிருப்பீர்கள். அதை முக்க வேண்டியது சாற்றின் மேல் மிதக்கும் சிவந்த கொழுப்பில். சாறு குழம்பு போல ஆவது வேறு கதை. அது நம் மசாலாப் பழக்கத்தால் வருவது. இரண்டையும் சரிசெய்துவிட்டால் இந்த டாக்கோ வீட்டு அடுப்பில் அருமையாக வரும்.

பிர்ரியா மெக்சிகோவின் மேற்கே உள்ள ஹலிஸ்கோ மாநிலத்து உணவு. அங்கே அது வெள்ளாட்டுக்கறி. மிளகாய் விழுது தடவி மூடிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் வேகவைப்பது. வடக்கு எல்லையில் இருக்கும் டிஹுவானாவில்தான் மாட்டுக்கறி பிர்ரியா தெருக்கடை டாக்கோவாகப் பெயர் பெற்றது. அதில் சீஸ் சேர்த்துக் கல்லில் முறுகவிட்டால் கேசாபிர்ரியா. ஆகவே நம் ஊர் மட்டனில் செய்தால் அது மாற்று ஏற்பாடு ஆகாது, மூலத்துக்குத் திரும்புவதுதான்.

ஒரு சட்டியிலிருந்து மூன்று பொருள் வருகின்றன: கறி, கொழுப்பு, சாறு. மூன்றையும் தனித்தனியே பிரித்து வைத்தால்தான் டாக்கோ டாக்கோவாகும். கீழே உள்ள எல்லாமே அதற்கான வேலைதான்.

கறி எலும்போடு ஒன்றரை கிலோ வாங்குங்கள். தோள்பகுதி ஒரு கிலோ, நல்லி எலும்பும் நெஞ்செலும்புமாக அரை கிலோ. தொடைக்கறி மட்டும் வேண்டாம்; அதில் சவ்வு குறைவு என்பதால் நெடுநேரம் வெந்தால் சக்கையாகிவிடும். சவ்வு உருகித்தான் சாற்றுக்கு உதட்டில் ஒட்டும் பதம் வருகிறது. நம் ஊர் இளம் ஆட்டில் கொழுப்பு போதாது. கடைக்காரரிடம் கேட்டு 100 கிராம் கொழுப்பு தனியாக வாங்கிச் சட்டியிலேயே போட்டுவிடுங்கள். மாட்டுக்கறி என்றால் தோளும் காலும் நெஞ்சுப்பகுதியும் கலந்து வாங்கலாம், கொழுப்பு தனியாகத் தேவைப்படாது. 20 கிராம் கல்லுப்பைப் பொடித்துக் கறியில் தடவி, விழுது தயாராகும் வரை வைத்திருங்கள்.

இனி மிளகாய். மெக்சிகோவில் அந்நாட்டு உலர் மிளகாய் வகைகள் மூன்றின் கலவை இப்படி: வாஹீயோ 10, ஆன்ச்சோ 3, ஆர்போல் 3 அல்லது 4. வாஹீயோ நிறமும் லேசான புளிப்பும் தரும். ஆன்ச்சோ உலர்ந்த திராட்சை போன்ற இனிப்பும் கெட்டித்தன்மையும் தரும். காரம் ஆர்போலின் பொறுப்பு. கிடைக்காதவர்கள் பேடகி மிளகாய் 35 கிராம் எடுத்து, விதையும் உள்நரம்பும் நீக்கிக்கொள்ளுங்கள். ஆன்ச்சோவின் இனிப்புக்கு உலர் திராட்சை ஒரு மேசைக்கரண்டி. ஆர்போலுக்குப் பதில் சாதாரண நீள வற்றல் இரண்டு. பேடகி வாஹீயோவைவிடக் காரம், ஆகவே எண்ணிக்கைக்கு எண்ணிக்கை மாற்றக் கூடாது. சுவை நூற்றுக்கு நூறு அதுவாகாது, ஆனால் நிறமும் கனமும் வந்துவிடும். மிளகாய்த்தூள் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மிளகாயை விரித்து, மிதமான சூட்டில் இருக்கும் கல்லில் தோசைத் திருப்பியால் அழுத்திப் பக்கத்துக்கு 10 முதல் 15 விநாடி வாட்டுங்கள். தோல் நிறம் சற்று மாறி, மணம் எழும்பி, மிளகாய் வளையும் பதத்துக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். கறுப்புப் புள்ளிகள் பரவிவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுங்கள். அந்தக் கசப்பு மூன்று மணி நேரம் கொதித்தாலும் போகாது, சர்க்கரை போட்டாலும் மறையாது. வாட்டியதைச் சுடுநீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். ஊறிய நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் கொட்டிவிட்டு அரைக்க நல்ல நீர் சேருங்கள்.

அதே கல்லில் தக்காளி 400 கிராம், ஒரு பெரிய வெங்காயம், தோலோடு 8 பல் பூண்டு ஆகியவற்றைக் கருகக் கருகச் சுட்டெடுங்கள். மிளகாய் கருகக் கூடாது, இவை கருகலாம். பிறகு பூண்டை உரித்துவிட்டு எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு, வினிகர் 60 மில்லி, மிளகு 10, கிராம்பு 4, சீரகம் அரைத் தேக்கரண்டி, இஞ்சி இரண்டு சென்டிமீட்டர், ஒரிகானோ இரண்டு தேக்கரண்டி, பட்டை ஒரு சிறு துண்டு சேர்த்து மைய அரைக்க வேண்டும்.

பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. மெக்சிகோ சமையலில் ‘கனேலா’ என்றால் இலங்கைக் கறுவாதான். அதைப் பெருமளவில் வாங்கும் நாடுகளில் மெக்சிகோ முன்வரிசையில் இருக்கிறது. விரலால் நொறுக்கினால் உதிரும் மெல்லிய சுருள் அது. தடித்த மரப்பட்டை போல விற்பதைப் போட்டால் சாற்றில் பிரியாணி வாசம் தூக்கிவிடும். கிடைக்கவில்லை என்றால் தடித்த பட்டையில் பாதி அளவு போதும். மெக்சிகோ ஒரிகானோவும் பீட்சாவோடு வரும் ஒரிகானோவும் வேறு வேறு செடிகள். பின்னது மட்டும் இருந்தால் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள்.

சாறு குழம்பாக மாறுவது இந்த இடத்தில்தான். மல்லித்தூள், மஞ்சள்தூள், சோம்பு, கறிவேப்பிலை, கை நிறைய இஞ்சி பூண்டு விழுது, கடைசியில் கரம் மசாலா என்று கை தானாகப் போகும். ஒன்றுமே சேர்க்காதீர்கள். பிர்ரியாவில் முன்னால் நிற்க வேண்டியது மிளகாயின் பழச்சுவை. கிராம்பும் பட்டையும் பின்னாலிருந்து கேட்டும் கேட்காமலும் இருக்க வேண்டும்.

அரைத்த விழுதைக் கண்டிப்பாக வடிகட்ட வேண்டும். மிளகாய்த் தோல் எவ்வளவு அரைத்தாலும் துணுக்குகளாக நிற்கும். சாற்றில் நெருடும், கொழுப்பில் ஒட்டிக் கல்லில் கருகும். வடிகட்டிய விழுதைக் கறியில் புரட்டிக் குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு குளிர்பெட்டியில் வையுங்கள்.

மறுநாள் கறி, விழுது, கொழுப்பு, பிரிஞ்சி இலை 3, தண்ணீர் ஒன்றரை லிட்டர் எல்லாம் கனமான சட்டியில் போட்டு, ஒரு கொதி வந்ததும் தீயைச் சிம்மில் வையுங்கள். மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும். மட்டனுக்கு இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம், மாட்டுக்கறிக்கு மூன்றிலிருந்து மூன்றரை. முள்கரண்டியைக் குத்தித் திருகினால் கறி நாராகப் பிரிய வேண்டும். பிரியாமல் ரப்பர் போல இருந்தால் அதிகம் வெந்துவிட்டது என்று நினைத்து இறக்கிவிடாதீர்கள். சவ்வு இன்னும் உருகவில்லை என்று பொருள், இன்னும் அரை மணி நேரம் விடுங்கள்.

தளதளவென்று கொதிக்கவிடக் கூடாது என்பதற்கு மென்மை மட்டும் காரணமல்ல. வேகமாகக் கொதித்தால் கொழுப்பு நுண்துளிகளாக உடையும்; அரைத்த விழுதும் சவ்விலிருந்து கரைந்ததும் அந்தத் துளிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாறு கலங்கி ஆரஞ்சு நிறமாகிவிடும், மேலே தெளிந்த கொழுப்பு வராது. முக்க எதுவும் இல்லாமல் நிற்பீர்கள். குக்கரிலும் இதே சிக்கல் உண்டு. குக்கர்தான் என்றால் தண்ணீர் ஒன்றேகால் லிட்டர், ஒரு விசில் வந்ததும் சிம்மில் மட்டனுக்கு 30 நிமிடம், மாட்டுக்கறிக்கு 50 முதல் 60 நிமிடம். அணைத்த பிறகு விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றாதீர்கள். அழுத்தம் திடீரென்று இறங்கினால் உள்ளே எல்லாம் பொங்கிக் கலங்கிவிடும். தானாக அடங்கட்டும்.

வெந்ததும் கறியை அரித்தெடுத்து, எலும்பு நீக்கி, கையால் பிய்த்து, வடிதட்டில் வையுங்கள். சாற்றை 15 நிமிடம் அசையாமல் விட்டால் மேலே சிவப்புக் கொழுப்பு திரளும். மிளகாயின் சிவப்பு நிறம் தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும் என்பதால் அடியில் இருக்கும் சாற்றைவிட அது அடர்த்தியான நிறத்தில் இருக்கும். குழிக்கரண்டியின் விளிம்பை மட்டும் சாய்த்து மேலாக எடுங்கள். ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் எளிது: தகடாக உறைந்திருக்கும், அப்படியே பெயர்த்தெடுக்கலாம். 120 முதல் 150 மில்லி தேவைப்படும். ஆட்டுக்கொழுப்பு ஆறினால் மெழுகு போல மேலண்ணத்தில் ஒட்டும். ஆகவே மூன்றில் ஒரு பங்கு சமையல் எண்ணெய் கலந்து உருக்கிக்கொள்ளுங்கள். எடுத்த கொழுப்பில் சாறு கலந்திருந்தால் சின்ன வாணலியில் சடசடப்பு அடங்கும் வரை காய்ச்சுங்கள். அந்தச் சத்தம் நீர் போகும் சத்தம். அது நின்றால்தான் கல்லில் டோர்ட்டியா முறுகும்.

டோர்ட்டியா சோளத்தில் செய்ததாக இருக்க வேண்டும், அதுவும் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவில். மாசா ஹரினா என்று பொட்டலத்தில் வருவது அதுதான். கடையில் விற்கும் வெறும் மக்காச்சோள மாவு மடித்தால் விண்டுவிடும். கார்ன்ஃப்ளவர் வெறும் ஸ்டார்ச், அது இந்த வேலைக்கே ஆகாது. சுண்ணாம்புதான் சோளத்தின் தோலைக் கரைத்து மாவுக்கு ஒட்டும் தன்மை கொடுக்கிறது. மாசா கிடைக்காத ஊரில் வீட்டிலேயே செய்யலாம். காய்ந்த மக்காச்சோளம் ஒரு கிலோ, தண்ணீர் மூன்று லிட்டர், நீர்த்த சுண்ணாம்பு 10 கிராம். உண்ணத் தகுந்தது மட்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு விழுதாக இருப்பதால் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை, சுவருக்கு அடிப்பது கூடவே கூடாது. அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும். சிறுதீயில் 40 நிமிடம் வேகவைத்து, ஓர் இரவு ஊறவிட்டு, தோல் கழன்று போக நன்றாகத் தேய்த்துக் கழுவி அரைக்க வேண்டும். கிரைண்டரில் அரையும், ஆனால் தண்ணீர் சற்று அதிகம் கேட்கும். மாவு தளர்ந்தால் மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

மாசா மாவு என்றால் 270 கிராமுக்கு வெந்நீர் 380 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. பிசைந்து ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். உருண்டையை உள்ளங்கையில் அழுத்தினால் விளிம்பில் விரிசல் விடக் கூடாது. விரிசல் விட்டால் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து மறுபடி பிசையுங்கள். கிழியும் டோர்ட்டியாக்களில் பலவும் வறண்ட மாவால் கிழிபவை. 35 கிராம் உருண்டைகளாக 18 வரும். வெட்டிய பிளாஸ்டிக் உறைக்கு நடுவில் வைத்துப் பூரி பிரஸ்ஸில் 14 சென்டிமீட்டருக்கு அழுத்துங்கள். நன்றாகக் காய்ந்த கல்லில் முதல் பக்கம் 20 விநாடி, திருப்பி 50 விநாடி, மறுபடி திருப்பினால் உப்பும். துணியில் சுற்றி ஹாட் பாக்ஸில் 15 நிமிடம் வைத்தால்தான் தன் ஆவியிலேயே இளகி மடங்கும். சுட்ட உடனே முக்கினால் கிழியும்.

சீஸ் மெக்சிகோவில் பெரும்பாலும் ஒஹாக்கா மாநிலத்தின் பெயர் கொண்ட, நூல் நூலாக இழுபடும் ஒஹாக்கா சீஸ். அதற்கு மிக அருகில் வருவது ஈரம் குறைந்த மொசரெல்லா. 400 கிராம் மொசரெல்லாவோடு 100 கிராம் செடார் துருவிக் கலந்தால் உப்பும் வாசமும் கிடைக்கும். தண்ணீரில் மிதக்கும் மொசரெல்லா நீர் விடும். பனீர் அமிலத்தில் திரண்டது, எவ்வளவு சூடு செய்தாலும் உருகாது.

கடைசி ஐந்து நிமிடம். கல் மிதமான சூட்டில். கொழுப்பு உருகிய நிலையில் அகலத் தட்டில். டோர்ட்டியாவின் ஒரு பக்கத்தை மட்டும் தொட்டு எடுத்து, அந்தப் பக்கம் கீழே படக் கல்லில் போடுங்கள். சடசடவென்று கேட்க வேண்டும். உடனே 25, 30 கிராம் சீஸ் விளிம்பு வரை தூவுங்கள். கொஞ்சம் வழிந்து கல்லில் முறுகினால் நல்லதே. சீஸ் பாதி உருகியதும் டோர்ட்டியாவின் ஒரு பாதியில் 40 கிராம் கறி, பொடி வெங்காயம், கொத்துமல்லித்தழை. முழுக்க உருகிய பிறகு மடியுங்கள். அதற்கு முன் மடித்தால் ஒட்டாமல் வாய் பிளந்துகொள்ளும். பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம், தட்டினால் ஓடு போலச் சத்தம் வரும் வரை. மூன்று நான்கு டாக்கோவுக்கு ஒரு முறை கல்லைத் துணியால் துடைக்காவிட்டால் கருகிய மிளகாய்த் துகள் அடுத்ததில் கசக்கும்.

கறியில் ஈரம் மிகுந்தால் உள்ளிருந்து நமுக்கும், ஒரேயடியாக வறண்டாலும் நன்றாக இராது. கல்லுக்குப் போகுமுன் மொத்தக் கறிக்கும் மூன்று மேசைக்கரண்டி சாறு தெளித்துப் புரட்டிக்கொண்டால் சரியான பதம்.

சாற்றுக்கு உப்பைக் கொழுப்பெடுத்த பிறகு பாருங்கள், கொழுப்பு உப்பை மறைக்கும். சிறு கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, வெங்காயம், கொத்துமல்லி போட்டு, எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். டாக்கோவை அதில் நுனி மட்டும் முக்கிக் கடிப்பது வழக்கம். மிஞ்சிய கறியைச் சாற்றோடு சேர்த்துக் குளிர்பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம். டாக்கோவை மட்டும் கல்லிலிருந்து எடுத்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். அடுக்கி வைத்தால் பத்து நிமிடத்தில் தன் ஆவியிலேயே நமுத்துவிடும், அதனால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டிரண்டாகச் சுட்டுப் போடுங்கள்.