மழை பெஞ்சா பாத்ரூமுக்குள்ள வர்ற பெரிய கரப்பான்

தாம்பரம் பக்கம் தனி வீட்டுல இருக்கிற ஒரு அக்கா கேட்டிருக்காங்க, வாரா வாரம் கிச்சன் பூரா ஸ்ப்ரே அடிக்கிறாங்களாம், ஆனாலும் ராத்திரி பாத்ரூம்ல பெரிய பெரிய கரப்பான் நிக்குதாம், மழை பெஞ்சா இன்னும் ஜாஸ்தியாம்.

அக்கா, மொதல்ல அது எதுன்னு பாத்துருங்க. அரை இஞ்ச் இருந்து, கழுத்துக்குப் பின்னாடி ரெண்டு கறுப்புக் கோடு இருந்தா அது ஜெர்மன் கரப்பான், வீட்டுக்குள்ளயே பெருகுறது. நீங்க சொல்றது ஒன்றரை இஞ்ச் இருக்கும், செம்பழுப்பு நிறம், தலைக்குப் பின்னாடி மஞ்சளா ஒரு வளையம் தெரியும், அது அமெரிக்கன் கரப்பான். அது இருக்கிற எடம் வெளிய சேம்பரும் (கழிவுநீர் பைப்புங்க வந்து சேர்ற, மூடி போட்ட குழி) செப்டிக் டேங்கும்தான், மழைத்தண்ணி உள்ள ஏறினா அது மேல ஏறி வந்துரும். கிச்சன்ல எவ்ளோ அடிச்சாலும் அங்க போய்ச் சேராது.

ராத்திரி ஒம்பது மணிக்கு மேல டார்ச் எடுத்துட்டு சேம்பர் மூடி ஓரமா அடிச்சுப் பாருங்க, இடுக்குல மீசை மட்டும் ஆடிட்டு இருக்கும். அந்த இடுக்கை சிமெண்ட் வச்சு அடைங்க, செப்டிக் டேங்க் காத்து வெளிய போற வென்ட் பைப் வாயில கொசுவலை கட்டுங்க. ரொம்பப் பேர் விடுறது எதுன்னா யாரும் பொழங்காத பாத்ரூம், அங்க ட்ராப்ல, அதாவது தண்ணி போற பைப்போட வளைவுல, நிக்கிற தண்ணி வத்திப் போயி பைப் வழி அப்படியே தொறந்து கெடக்கும், வாரம் ரெண்டு தடவ ஒரு மக்கு தண்ணி ஊத்துனாலே போதும், நான் பாத்த பாதி வீட்டுல இதுதான் காரணம்.

அப்புறம்தான் மருந்து. கரப்பான் ஜெல்லை (கரப்பான் தின்னு சாகுற பசை மருந்து) அரிசி அளவு சின்னச் சின்னப் புள்ளியா சேம்பர் மூடிக்கு அடிப்பக்கம், மழை படாத செவுத்து இடுக்குல வைங்க, கொழந்தைங்க, நாய் பூனைக்கு எட்டாம பாத்துக்கங்க. அது பக்கத்துல ஸ்ப்ரே மட்டும் அடிச்சுராதீங்க, அந்த வாடைக்கு கரப்பான் ஜெல்லைத் தொடவே தொடாது. செப்டிக் டேங்க்குள்ள மண்ணெண்ணெய் ஊத்துறது, தீ வைக்கிறது வேணவே வேணாம்க்கா, உள்ள மீத்தேன் இருக்கு, வெடிச்சிரும்.

செவுத்தோரம் அடுக்கின செங்கல், தேங்கா மட்டை, பழைய அட்டைப்பெட்டி எல்லாத்தையும் எடுத்துருங்க. அதுக்கடியில காராமணிப் பயறு மாதிரி கரும்பழுப்பா ஒட்டிட்டு இருந்தா அது முட்டைக்கூடு, ஒண்ணுல சுமார் 15 முட்டை, ஸ்ப்ரே அதுக்குள்ள எறங்காது, சுரண்டி எடுத்து நசுக்கிருங்க. கண்ணுல படாத கூடு பொரிக்க ஒன்றரை ரெண்டு மாசம் ஆகும், அதனால ரெண்டு மாசம் கழிச்சு ஜெல்லை இன்னொரு தடவ வைங்க.