சிசிடாலியா 202 கூப்பே (1940களின் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்): வாங்குவோர் கேள்வி பதில்

கேள்வி: உள்ளே இருப்பது ஃபியட் 1100 என்ஜின்தானே? ஏன் இந்த விலை?

பதில்: அடிப்படை அதுதான். 68 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 75 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 1089 சி.சி. ஏற்றிய ட்யூனிங்கில் 50 குதிரைத்திறனைச் சற்றே தாண்டும். காசு பாடிக்கு. டூரினில் பினின் ஃபரினா பட்டறையில் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டிச் செய்தது. 1951இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்த எட்டு கார்களில் இதுவும் ஒன்று. எல்லா வகையும் சேர்த்தே சுமார் 170தான். சிலவற்றுக்குப் பாடி விஞ்ஞாலே போன்ற வேறு பட்டறைகள்.

கேள்வி: பட்டி போட்டிருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்க்கலாமா?

பதில்: அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. அலுமினியத்துக்கும் வேலை செய்யும் பெயின்ட் தடிமன் மீட்டர் வாங்குங்கள். 1000 மைக்ரானைத் தாண்டினால் அடியில் பட்டி என்றே வையுங்கள்.

கேள்வி: கதவு விளிம்பில் பெயின்ட் கொப்பளிக்கிறது. தேய்த்துப் பூசினால் போதுமா?

பதில்: மறுபடி வரும். தகட்டின் விளிம்பை இரும்புக் கம்பிமேல் சுருட்டியிருப்பார்கள். கம்பி துருப்பிடித்து உப்பினால் தகடு வெடிக்கும். ஈரம் சேர்ந்தால் இரும்பைத் தொடும் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். மடிப்பைத் திறந்து கம்பியை மாற்றி, அரித்த பகுதியை வெட்டி எறியுங்கள். புதிய தகட்டிலிருந்தே ஒரு கீற்று வெட்டி, அதையே இணைப்பை நிரப்பும் ஃபில்லர் கம்பியாக வைத்து கேஸ் வெல்டிங் செய்யலாம். மடக்குமுன் தகட்டை இளக்க, அசிட்டிலின் கரியைப் படியவிட்டு, ஆக்சிஜன் கூட்டிய சுடரில் கரி மறையும்வரை மட்டும் சூடாக்குங்கள். அலுமினியம் சிவக்காமலே உருகும். நிறத்தை நம்பினால் ஓட்டைதான். வெல்டிங்குக்குப் பூசும் ஃப்ளக்ஸ் ரசாயனத்தை வெந்நீரில் சுத்தமாகக் கழுவாவிட்டால் அதுவே அரிக்கும். சட்டக் குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே நீர் உறிஞ்சாத டேப் ஒட்டுங்கள். துணி வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

கேள்வி: குழாய்ச் சட்டம் வெளியே நன்றாக இருக்கிறது. உள்ளே துரு?

பதில்: அல்ட்ராசோனிக் தடிமன் மீட்டரால் பாருங்கள், குறிப்பாகக் கீழ்க் குழாய்களை. குரோம்-மாலிப்டினம் எஃகு, மெலிந்த துண்டை மாற்றுவதுதான் வழி, மேலே தகடு ஒட்டுவது அல்ல.

கேள்வி: என்ஜின் சூடேறுகிறது.

பதில்: இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். பழைய கூலன்டில் ஹெட்டின் நீர்த்துளை ஓரங்கள் அரித்து, கேஸ்கெட் பிடிமானம் இழக்கும். ஹெட்டின் அடிப்பரப்பில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேர்விளிம்புச் சட்டம்) வைத்துப் பார்த்து, 0.05 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் ஃபேஸிங் செய்யுங்கள், அதாவது சீவிச் சமமாக்குங்கள்.

கேள்வி: மில்லே மில்யாவில் ஓட்டலாமா?

பதில்: அது இத்தாலியின் பழைய சாலைப் பந்தயம், இப்போது பழைய கார்களின் ரேலி. 1927 முதல் 1957 வரை அந்தப் பந்தயத்தில் ஓடிய மாடல்களுக்கே அனுமதி. 1947இல் பந்தய வீரர் நுவோலாரி 202இன் திறந்த வகையான ஸ்பைடரில் இரண்டாவதாக வந்தார். எனவே மாடல் தகுதி உண்டு. உங்கள் கார் தேறுவது காகிதத்தைப் பொறுத்தது. என்ஜின் மாறியிருந்தால் பேசிக்கொள்ளலாம். சேஸிஸ் எண்ணைச் சுற்றி அரைத்த தடம் தெரிந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.