உளிக்கலப்பை ஓட்டினால் அடிமண் இறுக்கம் உண்மையிலேயே உடையுமா, இல்லை காசுதான் வீணா?

உடையும். ஆனால் எல்லா நிலத்திலும் இல்லை, எல்லா மாதத்திலும் இல்லை. உளிக்கலப்பை என்றால் டிராக்டரில் மாட்டி, உளி மாதிரி இரும்பு முனையை ஆழமாக இறக்கி ஓட்டும் கலப்பை.

மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது, நாலு நாள் வெயில் அடித்தால் பயிர் சுருண்டுவிடுகிறது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். செம்மண் காடு (புஞ்சை நிலம்), வருடக்கணக்கில் ரொட்டவேட்டர் (டிராக்டருக்குப் பின்னால் சுழலும் கத்திகளால் மண்ணைத் தூளாக்கும் கருவி) மட்டுமே ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். வேறு மண் என்றால் இதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. அப்புறம், எனக்கு டிராக்டர் வாடகைத் தொழிலும் இல்லை, கலப்பைக் கடையும் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள்.

எங்கள் காடு ராசிபுரம் பக்கம். மரவள்ளியும் பருத்தியும் மாற்றி மாற்றிப் போடுவோம். மரவள்ளிக் கிழங்கு கீழே இறங்காமல் பக்கவாட்டிலேயே குட்டையாக ஓடிக்கொண்டிருந்தது. பருத்திமார் (அறுவடை முடிந்த பருத்திச் செடி) பிடுங்கினால் ஆணிவேர் ஒரு சாண் வரை நேராகப் போய், அங்கே 'ட' எழுத்து மாதிரி மடங்கிக் கிடக்கும். சரி என்று ஒரு குழி வெட்டிப் பார்த்தோம். மேலே அரையடி மண் பொலபொலவென்று இருந்தது. அதற்குக் கீழே கடப்பாரை இறங்கவே இல்லை. அந்த அடுக்கை உடைத்து எடுத்தால் அதற்கும் கீழே நல்ல மண், ஈரத்தோடு இருக்கிறது. வேர் அங்கே போக வழியில்லை, அவ்வளவுதான்.

ரொட்டவேட்டர் நாலு முதல் ஆறு அங்குலம்தான் இறங்கும். ஒவ்வொரு முறையும் அதே ஆழம். மேலே மாவாக்குகிறது, அதற்கடியில் உள்ளதைக் கத்தி தட்டித் தட்டி இறுக்குகிறது, டிராக்டர் எடையும் சேர்கிறது. மேலே உள்ள நைஸ் மண் மழையில் இறங்கிப்போய் அந்த இறுகிய அடுக்கிலேயே படிகிறது.

சித்திரையில் உளிக்கலப்பை ஓட்டினோம். அன்றைக்குப் பார்த்து எங்கள் பெரியப்பா வந்துவிட்டார். "காசு குடுத்து காட்டுல கோடு போட்டுட்டு இருக்கியா?" என்று கேட்டுவிட்டு, ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சட்டிக் கலப்பை (வட்டத் தட்டுகளால் மண்ணைப் புரட்டும் கலப்பை) ஓட்டினால் மண் புரண்டு கிடக்கும், பார்த்தாலே வேலை நடந்தது தெரியும். உளிக்கலப்பை மண்ணைப் புரட்டாது. ஒன்றரை அடி வரை இறங்கி, அடியிலிருந்து லேசாகத் தூக்கி, இரண்டு பக்கமும் விரிசல் விட வைக்கும். மேலே கோடு மட்டும்தான் தெரியும். ஓட்ட வந்த தம்பி ஏக்கர் கணக்குக்குப் பேசி வந்தவர், ஒரு மீட்டர் இடைவெளியில் ஒரே திசையில் ஓட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். அரை மீட்டர் இடைவெளியில் ஓட்டி, பிறகு குறுக்கே ஒரு முறை ஓட்ட வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. "இப்படி ஓட்டுனா டீசலுக்கே கட்டாதுங்ணா" என்றார். கூடக் கொஞ்சம் கொடுத்து, பக்கத்திலேயே நின்று ஓட்ட வைத்தேன்.

அடுத்த பட்டத்தில் கிழங்கு நேராகக் கீழே இறங்கியது. பிடுங்க வந்த ஆட்கள்தான் திட்டினார்கள், முன்பு கையோடு வந்ததெல்லாம் இப்போது வரமாட்டேன் என்கிறது என்று. பெரியப்பா மட்டும் இன்னும், அந்த வருடம் மழை நல்ல மழை என்கிறார். நல்ல மழைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

ஒரு மூலையில் மட்டும் இன்றைக்கும் தண்ணீர் நிற்கிறது. அதற்கு மண் காரணமில்லை, ரோடு காரணம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, இப்போது ரோடு எங்கள் வரப்பை விட இடுப்பளவு உயரத்தில் இருக்கிறது. முன்பு தண்ணீர் வடிந்துகொண்டிருந்த குழாய்ப் பாலம் மண்ணுக்குள் போய்விட்டது. மனு கொடுத்தால், அங்கே பாலம் இருந்ததற்குப் பதிவே இல்லை என்கிறார்கள். அதன் மேல் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தவன் நான்! இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். அடிமண் காய்ந்திருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள். காய்ந்த மண்தான் நொறுங்கி விரிசல் விடும். ஈரத்தில் ஓட்டினால் கத்தி போட்ட மாதிரி ஒரு கீறல் விழுந்து, அடுத்த மழையில் மூடிக்கொள்ளும். இறுக்கம் ஒரு அடியில் முடிகிறது என்றால் அதற்கு இரண்டு அங்குலம் கீழே போனால் போதும். ஓட்டிய கையோடு ஏக்கருக்கு ஐந்து டன் தொழுவுரமோ மக்கிய தென்னைநார்க் கழிவோ போடுங்கள். மறுபடி மூன்று வருடம் கழித்து ஓட்டினால் போதும், அதுவும் இடையில் ரொட்டவேட்டரைக் குறைத்தால்தான்.

நெல் வயல் என்றால் தொடவே தொடாதீர்கள். அந்த இறுக்கம்தான் அங்கே தண்ணீரை நிறுத்தி வைக்கிறது. கீழே இருப்பது சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) என்றால் கலப்பையின் இரும்புக் கொழுதான் உடையும். களர் நிலம் (சோடியம் உப்பு மிகுந்த மண்) என்றால் ஜிப்சம் போடும் பக்கம் போக வேண்டும், கலப்பை மட்டும் போதாது.

துவரையும் சணப்பும் விதைத்தால் வேரே துளைத்துவிடும், இரும்பு எதற்கு என்று இயற்கை விவசாய நண்பர்கள் வருவார்கள். லேசான இறுக்கத்துக்கு அது சரிதான். எங்கள் காட்டில் கடப்பாரையே இறங்கவில்லை.

கலப்பையை விலைக்கு வாங்காதீர்கள், 35 முதல் 45 குதிரைத்திறன் டிராக்டரோடு வாடகைக்கே கிடைக்கும். தமிழக அரசின் உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறையின் கருவி வாடகை இருக்கிறது, அதையும் பாருங்கள். கோடைக்கு முன்னால் இரண்டு மூன்று இடத்தில் குழி வெட்டிப் பார்த்துவிட்டு, இறுக்கம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து இங்கேயே எழுதுங்கள். ஓட்ட வேண்டுமா வேண்டாமா என்று அப்போது சொல்கிறேன்.