மாடல் மேசை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72இல் ஒரு பங்காக, ஹரிகேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தை ஒட்டிச் செய்யும் ஒரு கிட் கிடைத்திருக்கிறது. பெட்டிப் படத்தில் இருப்பது 1940இல் இங்கிலாந்தில் பறந்த விமானம். என் கொள்ளுத்தாத்தா போர்க்காலத்தில் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் தலைக்கு மேலே பறந்த விமானமாக இதைச் செய்ய முடியுமா ஐயா?
– தாட்டன் வாசகர்

பதில்: முடியும் தம்பி, ஆனால் பெயிண்ட் வாங்கக் கிளம்பும் முன் எந்த மாதத்து விமானம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் ரங்கூனில் முதல் குண்டு விழுந்த 1941 டிசம்பர் 23 அன்று இங்கே ஹரிகேன் ஒன்றுகூடக் கிடையாது. அன்று ரங்கூனின் மிங்கலடோன் விமானதளத்திலிருந்து எழுந்த போர் விமானங்கள் அமெரிக்கத் தன்னார்வ விமானிகளின் டோமஹாக்குகளும் பிரிட்டிஷ் 67ஆம் ஸ்குவாட்ரனின் பஃபலோக்களும்தான். ஹரிகேன்கள் 1942 ஜனவரியில் வந்தன. மார்ச் 8இல் நகரம் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. ஆக, உங்கள் கொள்ளுத்தாத்தா துறைமுகத்திலிருந்து ஹரிகேனை அண்ணாந்து பார்த்திருந்தால் அது அந்தச் சில வாரங்களில்தான்.

அந்த வாரங்களின் விமானம் என்றால் இறக்கையிலும் உடம்பிலும் போடும் பிரிட்டிஷ் வட்டக்குறியின் நடுவில் சிவப்பு இருக்கட்டும், அது சரிதான். வந்தவை மார்க் 2 வகை, மூக்குக்குக் கீழே தூசி வடிகட்டி தொங்கும். உங்கள் கிட் மார்க் 1 ஆக இருந்தால் மூக்கு கொஞ்சம் குட்டை, ஆனால் 1/72இல் அந்த வித்தியாசம் ஓரிரு மில்லிமீட்டர்தான் என்பதால் அதை விட்டுவிடலாம். வடிகட்டியை மட்டும் விடாதீர்கள், கெட்டி பிளாஸ்டிக் துண்டைத் தேய்த்தே செய்துவிடலாம், அது இருந்தால்தான் நம்மூர் விமானம் என்று தெரியும்.

அதே விமானத்தை 1944இல் மேற்குக் கடற்கரையில் நடந்த அரக்கான் போருக்குச் செய்கிறீர்கள் என்றால் கதை வேறு. ஜப்பானிய விமானத்தின் இறக்கையில் இருப்பது சிவப்பு உருண்டை. வேகமாகப் போகும்போது எங்கே சிவப்பைப் பார்த்தாலும் சுடத்தான் கை போகும், சொந்த ஆளையே சுட்டுவிடக் கூடாது என்று 1943இல் இந்தப் பக்கத்து பிரிட்டிஷ் விமானங்களிலிருந்து சிவப்பை அடியோடு எடுத்துவிட்டார்கள். கருநீல வளையம், நடுவில் வெளிர்நீலம், அளவும் சிறியது. கிட்டோடு வரும் டெக்காலில், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தில், இது இருக்காது. வெள்ளையில் அதே கருநீலத்தைக் கொஞ்சம் கலந்து நீங்களே வட்டம் போடுங்கள். மேல்பக்கம் மண்பழுப்பும் கரும்பச்சையும், அடிப்பக்கம் நடுத்தரச் சாம்பல். மூக்கிலிருந்து வாலுக்கு 1/72இல் பதினான்கு சென்டிமீட்டர்கூட இல்லாத விமானம் இது, வட்டம் துளி விலகினாலும் கண்ணுக்குத் தெரியும், பொறுமையாகச் செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். பெயிண்ட் உரிந்த மாதிரி காட்ட உடம்பு முழுக்க வெள்ளிப் புள்ளி வைக்கிறார்கள். ஹரிகேனின் முன்பாதிக்குத்தான் உலோகத் தகடு, விமானி இருக்கைக்குப் பின்னால் மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. துணியில் பெயிண்ட் உரிந்தால் வெள்ளி எப்படித் தெரியும்? இறக்கை உடம்போடு சேரும் இடத்தில், மெக்கானிக் ஏறி இறங்கும் இடத்தில், எஞ்சின் மூடியின் ஓரத்தில் வையுங்கள். பின்னுடம்புக்கு வெயிலில் வெளுத்த பழுப்பும் எஞ்சின் புகைக்கோடும் போதும்.

கேள்வி: ஆகஸ்ட் மாதம் காற்றால் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷில் லாக்கர் பெயிண்ட் அடித்தேன். காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் பூத்துப்போய்விட்டது. பெயிண்ட் கெட்டுப்போனதா?
– யாங்கோன் வாசகி

பதில்: பெயிண்ட் நன்றாகத்தான் இருக்கிறதம்மா, மழைக்காலத்துக் காற்றுதான் காரணம். பெயிண்டைக் கரைக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகிறது, குளிர்ந்த சோற்றுத் தட்டில் நீர் கோர்ப்பது போலக் காற்றின் ஈரம் அங்கே படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. மெதுவாகக் காயும் தின்னர், கடையில் ரிடார்டர் என்று கேட்டால் தருவார்கள், அதைக் கொஞ்சம் கலந்து மெல்லிய ஒரு பூச்சு அடியுங்கள், வெள்ளை பெரும்பாலும் மறைந்துவிடும். நிறையப் பேர் வேலை முடிந்து வந்து ராத்திரியில் அடிக்கிறார்கள், ஆனால் ஈரம் அப்போதுதான் அதிகம். மழை விட்ட நாளில் மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் அடியுங்கள், ஜன்னலைத் திறந்துவைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு. அடித்து முடித்ததும் மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைந்து போட்டு வைத்துவிடுங்கள். நான் இப்போது ஜூனிலிருந்து செப்டம்பர் வரை லாக்கரைத் தொடுவதே இல்லை. ஒட்டுவது, தேய்ப்பது, விமானி அறைக்குள் பிரஷ்ஷால் அக்ரிலிக் தீட்டுவது எல்லாம் மழையில், வெளிப்பூச்சு நவம்பரில்.

கேள்வி: டெக்கால் ஒட்டிய இடத்தில் பளபளவென்று ஒரு விளிம்பு தெரிகிறதே?
– மோல்மேன் வாசகர்

பதில்: மேட் பெயிண்ட் மேலேயே ஒட்டியிருப்பீர்கள். மேட் என்றால் கரடு, டெக்காலுக்கு அடியில் காற்று நிற்கிறது, அதுதான் மினுங்குகிறது. முதலில் பளபளப்பு வார்னிஷ், அப்புறம் டெக்கால், அது நன்றாகக் காய்ந்த பிறகு மேட் வார்னிஷ். ஏற்கெனவே ஒட்டியதற்கு ஊசியால் சின்னச் சின்னத் துளை போட்டு டெக்கால் மிருதுவாக்கும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள்.

கேள்வி: மிங்கலடோனில் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களைப் பெட்டியோடு புதைத்து வைத்திருக்கிறார்களாமே? டீக்கடையில் இன்னும் பேசுகிறார்கள்.
– பெகு வாசகர்

பதில்: நானும் ஆசையோடு நம்பியவன்தான். போர் முடிந்தபோது பிரிட்டிஷார் பெட்டி பிரிக்காத ஸ்பிட்ஃபயர்களை அங்கே புதைத்தார்கள் என்று பல வருஷமாகப் பேச்சு. வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்து 2013 ஜனவரியில் விமான நிலையப் பக்கம் தோண்டியது, ஆவணங்களையும் புரட்டியது. ஒரு விமானமும் கிடைக்கவில்லை, புதைத்ததற்கு ஆதாரமும் கிடைக்கவில்லை. அதற்குமேல் அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

உண்மையாகவே இந்த நாட்டுக்குச் சொந்தமாக இருந்த ஸ்பிட்ஃபயர்களைப் பற்றி யாரும் டீக்கடையில் பேசுவதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950களின் நடுவில், பர்மா விமானப்படை இஸ்ரேலிடமிருந்து 30 ஸ்பிட்ஃபயர் மார்க் 9 வாங்கியது. அதைச் செய்யுங்கள். கடையில் கிட் பெட்டியைத் திறந்து பார்த்தே வாங்குங்கள்: மார்க் 9க்கு நான்கு இலை புரொப்பெல்லர், இரண்டு இறக்கைக்கு அடியிலும் ஒரே அளவு ரேடியேட்டர் பெட்டி. ஒரு பக்கம் பெரிதும் மறுபக்கம் சிறிதுமாக இருந்தால் அது மார்க் 5, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.